சைக்கிள் திருட்டும் சுவிஸ் சிறைச்சாலையும்

போன மாதம் எங்கள் சொசைட்டியில் மூன்று சைக்கிளும் ஒரு தண்ணீர் மோட்டாரும் காணாமல் போயின. (புனேயில் அடுக்குமாடிக் குடியிருப்பை எல்லோரும் சொசைட்டி என்றுதான் சொல்வார்கள். புதிதாக வந்தபோது ஏதோ கூட்டுறவுப் பால் சங்கம் என்று நினைத்தேன்.) ஞாயிற்றுக்கிழமை காலை அவசரக் கூட்டம். கேமராவில் எதுவும் விழவில்லை. ஆனாலும் பத்தே நிமிடத்தில் தீர்ப்பு தயார். பின்பக்கம் எழும்பிக்கொண்டிருக்கும் புதுக் கட்டடத்தின் பீகார், வங்காளக் கூலிக்காரர்கள்தான் எடுத்திருக்க வேண்டும். அவர்கள் நம் பின் கேட் வழியாக நடக்கக் கூடாது, எல்லோருடைய அடையாள அட்டை நகலும் வேண்டும் என்று பில்டருக்கு ஒரு கடிதம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நம்மூர்க்காரர், மதுரைப் பக்கம். காதோடு சொன்னார்: "இவங்க எங்க போனாலும் இதே கதைதான் சார். யூரோப்பைப் பாருங்க, அகதிகளை உள்ள விட்டாங்க, நாறிப் போச்சு." நான் பதில் சொல்லவில்லை. கடிதம் என்னிடம் வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தங்கமணி கேட்ட ஒரே கேள்வி: "உங்க பெரியப்பா கதை மறந்து போச்சா?" பெரியப்பா 1960களில் மாதுங்காவில் டைப்பிஸ்ட். 1966ல் சிவசேனா தொடங்கியபோது முதல் குறியே தென்னிந்தியர்கள்தான். வேட்டியோடு தெருவில் இறங்கவே யோசித்த காலம் என்று சொல்வார். மதராசி என்ற ஒரே சொல்லுக்குள் டைப்பிஸ்ட், இட்லிக் கடைக்காரர், துறைமுகத்தில் கடத்தல் செய்பவன் எல்லோரும் அடக்கம்.

ஆக, நண்பர் சொன்ன ஐரோப்பாவைத்தான் பார்த்துவிடுவோமே என்று உட்கார்ந்தேன். ஆபீஸில் ஆணியும் கொஞ்சம் குறைவு. படித்ததில் பாதி நண்பருக்கு எதிராக இருந்தது. மீதி எனக்கு எதிராக. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

குற்றத்தை நாடு தழுவி எண்ணத் தொடங்கியது பிரான்ஸ். 1825ஆம் ஆண்டுக்கான நீதிமன்றக் கணக்கை 1827ல் அரசே அச்சிட்டது. அந்த எண்களை வைத்துக்கொண்டு ஆந்த்ரே மிஷேல் கெர்ரி என்ற வழக்கறிஞர் 1833ல் ஒரு நூல் வெளியிட்டார். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் குற்றத்தின் அளவுக்கு ஏற்ப வண்ணம் தீட்டிய வரைபடங்கள். ஏழை மாவட்டங்கள்தான் கறுப்பாக இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வந்தது நேர் எதிர். சொத்துக் குற்றங்கள் அதிகம் இருந்தவை பாரீசும் பணக்கார வடக்குப் பகுதிகளும். பாரீசில் ஏறக்குறைய 1,400 பேருக்கு ஒருவர் சொத்துக் குற்றத்துக்காகக் குற்றம்சாட்டப்பட்டார். ஏழை மாவட்டமான க்ரூஸில் 20,000 பேருக்கு ஒருவர். பெல்ஜியத்தின் அடால்ஃப் கெத்லேயும் 1835ல் இதையே கவனித்தார். எல்லோரும் ஏழையாக இருக்கும் ஊரில் திருட்டு குறைவு. வசதியும் வறுமையும் ஒரே தெருவில் முட்டிக்கொள்ளும் இடத்தில், நேற்று இருந்த வேலை இன்று இல்லை என்கிற இடத்தில்தான் அதிகம் என்பது அவர் கணிப்பு.

க்ரூஸ் சமாச்சாரம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அது கொத்தனார்களின் மாவட்டம். வசந்தம் வந்தால் இளவட்டங்கள் எல்லாம் கூட்டம் கூட்டமாகப் பாரீசுக்கு நடந்தே போவார்கள், பனிக்காலத்துக்கு ஊர் திரும்புவார்கள். நம் இராமநாதபுரத்து ஆட்கள் சென்னைக்கு ரயில் ஏறியது மாதிரி. (இளவட்டம் எல்லாம் பாரீசில் இருந்தால் ஊரில் யார் அடித்துக்கொள்வது? க்ரூஸின் நல்ல பெயருக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் :-)) 1801ல் ஐந்தரை லட்சமாக இருந்த பாரீஸ் 1851ல் பத்து லட்சத்தைத் தாண்டியது. வந்தவர்கள் ஒரு அறைக்குப் பத்துப் பேர் என்று மலிவு விடுதிகளில் படுத்தார்கள். 1840ல் ஃப்ரேஜியே என்ற அரசு அதிகாரி பெருநகரங்களின் 'ஆபத்தான வர்க்கங்கள்' பற்றித் தடிப் புத்தகம் எழுதினார். அந்தச் சொல் அப்படியே நிலைத்துவிட்டது. ஆனால் 1830ல் பதினாலு வயதில் அப்பாவோடு நடந்தே பாரீஸ் வந்த மார்த்தன் நதோ என்ற க்ரூஸ் கொத்தனார் பையன், 1849ல் பாராளுமன்ற உறுப்பினர் ஆனார். ஊரில் பிரான்சிலேயே குற்றம் குறைந்தவர்கள் என்று பெயர் வாங்கிய அதே ஆட்கள், பாரீஸ் விடுதிக்குள் நுழைந்ததும் ஆபத்தானவர்கள்!

அடுத்தது ஐரிஷ்காரர்கள். உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் தப்பி 1847ல் மட்டும் சுமார் மூன்று லட்சம் பேர் லிவர்பூலில் வந்து இறங்கினார்கள். அந்த ஊரின் மொத்த மக்கள் தொகையே ஏறக்குறைய அவ்வளவுதான். பலர் அமெரிக்கக் கப்பல் ஏறினார்கள். கப்பல் காசு இல்லாதவர்கள் நிலவறைகளில் தங்கினார்கள். 1861 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸில் அயர்லாந்தில் பிறந்தவர்கள் சுமார் 3 சதவீதம். சிறைகளில் அவர்கள் பங்கு அதைப்போலப் பல மடங்கு. அன்றைய பத்திரிகைகளுக்கு இது போதாதா? பிறவிக் குற்றவாளிகள் என்றே எழுதினார்கள்.

என்ன குற்றம் என்று பார்த்தால் குடித்துவிட்டுத் தெருவில் தகராறு, போலீஸ்காரரோடு கைகலப்பு, சில்லறைத் திருட்டு, ஊர் சுற்றுதல். இந்தக் கடைசியைக் கவனியுங்கள். இங்கிலாந்தின் 1824ஆம் ஆண்டுச் சட்டப்படி தங்க இடமும் பிழைக்க வழியும் இல்லாமல் வெட்டவெளியில் தூங்குவதே குற்றம். அதாவது வீடில்லாமல் இருப்பதும் குற்றக் கணக்கில் ஒரு எண். அதே ஐரிஷ்காரர்களின் பேரன்கள் பிற்பாடு அதே லிவர்பூலில் கவுன்சிலர்கள்.

இதுவரை படித்ததும் எனக்குக் குஷி. 'பார்த்தாயா, எல்லாம் வெறும் பழி' என்று நண்பருக்கு ஒரு மெயில் தட்டலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் ஸ்வீடன் வந்து மூக்கை உடைத்தது.

ஸ்வீடனின் அரசுக் குற்றத் தடுப்புக் கவுன்சில் 2005லும் 2021லும் வெளியிட்ட அறிக்கைகள் இரண்டுமே சொல்வது இது: வெளிநாட்டில் பிறந்தவர்கள், ஸ்வீடிஷ் பெற்றோருக்கு அங்கேயே பிறந்தவர்களைவிட 2.5 மடங்கு அதிகமாகக் குற்றச் சந்தேகத்தில் பதிவாகிறார்கள். வயது, வருமானம், படிப்பு, வசிக்கும் இடம் எல்லாவற்றையும் சமன்செய்து பார்த்தால் இடைவெளி நன்றாகக் குறைகிறது. ஆனால் மறையவில்லை. இன்னும் கசப்பானது ஒன்று உண்டு. 2021 அறிக்கையில், வந்தவர்களைவிட அவர்களுக்கு ஸ்வீடனிலேயே பிறந்த பிள்ளைகளின் விகிதம் அதிகம். 2022ல் அங்கே துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள் அறுபதுக்கும் மேல், பெரும்பாலும் கும்பல் சண்டை. வந்தவர்களிலும் மிகப் பெரும்பான்மையோர் எந்தச் சந்தேகத்திலும் சிக்காதவர்கள் என்பது உண்மை. அதைச் சொல்லிவிட்டு இந்த எண்களை மூடி மறைக்க எனக்கு மனம் வரவில்லை. ஊர் விட்டு ஊர் வந்து பிள்ளை வளர்க்கும் நமக்கு அந்த இரண்டாம் தலைமுறை எண் வெறும் எண்ணும் அல்ல.

சரி, அப்படியானால் நண்பர் சொன்னதுதானா? வெளியாள் வந்தால் குற்றம் கூடும் என்பது விதி என்றால் சுவிட்சர்லாந்தை எங்கே வைப்பது? நாலில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டவர். கொலை விகிதமோ லட்சத்துக்கு ஒன்றுக்கும் கீழே, உலகிலேயே மிகக் குறைந்த வரிசையில். லித்துவேனியா நேர் மாறு. ஆட்கள் கிளம்பிக் கிளம்பியே 1990க்குப் பிறகு மக்கள் தொகையில் கிட்டத்தட்ட கால்வாசியை இழந்த நாடு. ஆனால் கொலை விகிதத்தில் பல ஆண்டுகளாக ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்வரிசை. வந்தேறிகளைக் கைகாட்ட அங்கே வழியே இல்லை.

அதே சுவிஸ் சிறைகளில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் வெளிநாட்டவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவர்களில் பலர் அங்கே குடியிருப்பவர்கள் இல்லை. அனுமதி இல்லாதவர்கள், வந்து போகிறவர்கள், விசாரணை முடியும்வரை வெளியே விட்டால் ஓடிவிடுவார்கள் என்று பூட்டி வைக்கப்பட்டவர்கள். நிலையான முகவரி இருப்பவன் வெளியே இருந்து வழக்கு நடத்துகிறான், இல்லாதவன் உள்ளே இருந்து.

இந்த இடத்தில் நம்மவர்கள் வருகிறார்கள். 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள் சுவிஸ் போனார்கள். கண்ணுக்குப் பளிச்சென்று வேறுபட்டுத் தெரிந்த பெரிய அகதிக் கூட்டம். பெர்ன் ரயில் நிலையத்தில் கும்பலாக நின்றார்கள், நன்கொடையாகக் கிடைத்த தோல் ஜாக்கெட் போட்டிருந்தார்கள் என்பதெல்லாம் செய்தி. 'லெதர் ஜாக்கெட் தமிழர்கள்', ஹெராயின் விற்பவர்கள் என்று பத்திரிகைகள் எழுதின. சிலர் உண்மையிலேயே பிடிபட்டார்கள், பழி எல்லோர் மேலும். தொடக்கத் தடைக்காலம் முடிந்து வேலைக்கு அனுமதி கிடைத்ததும் ஹோட்டல் சமையலறை, ஆஸ்பத்திரி துப்புரவு, முதியோர் இல்லம் என்று இறங்கினார்கள். பத்துப் பதினைந்து வருடத்தில் அதே பத்திரிகைகள் உழைப்பாளித் தமிழர் என்று எழுதத் தொடங்கின. எல்லோரும் புனிதராகிவிட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. லண்டனிலும் பாரீசிலும் தமிழ்ப் பையன்களின் கத்திச் சண்டைகள் 1990களிலும் 2000களிலும் நாம் படித்தவைதான். அதற்கு முன் சுவிஸில் இதே பழி இத்தாலியர் மேல் இருந்தது. 1896ல் ஒரு கொலையைக் காரணம் காட்டி சூரிச்சில் இத்தாலியர் குடியிருப்புகளை நாள் கணக்கில் அடித்து நொறுக்கினார்கள். 1970ல் வெளிநாட்டவரை 10 சதவீதத்துக்குள் நிறுத்த வேண்டும் என்று பொது வாக்கெடுப்பே நடந்தது. 46 சதவீத ஆதரவோடு தோற்றது.

எனக்குத் தெளிவு கொடுத்தது இத்தாலிக் கணக்கு ஒன்று. 2006 கோடையில் இத்தாலி பொது மன்னிப்பு கொடுத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளை விடுவித்தது. ஐந்து மாதம் கழித்து, 2007 ஜனவரி 1ல் ருமேனியாவும் பல்கேரியாவும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. அதாவது வெளியே வந்த ருமேனியக் கைதி ஒரே இரவில் சட்டபூர்வமாக இருக்கக் கூடியவன் ஆகிவிட்டான். அல்பேனியக் கைதி ஆகவில்லை. மாஸ்த்ரோபுவோனி, பினோட்டி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இருவகையினரையும் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ருமேனிய, பல்கேரியக் கைதிகள் அரை வருடத்தில் மறுபடி பிடிபடும் விகிதம் 5.8லிருந்து 2.3 சதவீதமாக விழுந்தது. மற்றவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. ஆள் அதே ஆள், ஏற்கனவே சிறை பார்த்தவன். மாறியது கையில் இருந்த காகிதம்.

பிரிட்டனிலும் இதே தடயம். 1990களின் கடைசியில் வந்த அகதிகளுக்கு வேலை செய்யத் தடை. அவர்கள் குடியேறிய பகுதிகளில் திருட்டு சிறிது கூடியது. 2004க்குப் பின் போலந்திலிருந்தும் பக்கத்து நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் மறுநாளே வேலைக்குப் போகலாம். திருட்டு கூடவில்லை. வன்முறைக் குற்றம் இரண்டு அலையிலுமே கூடவில்லை.

ஜெர்மனி இதைவிடச் சிக்கல். 2015ல் மட்டும் ஏறக்குறைய 8.9 லட்சம் அகதிகள். லோயர் சாக்சனி மாநிலத்தில் 2014 முதல் 2016 வரை வன்முறைக் குற்றம் 10 சதவீதம் கூடியது, அதில் பெரும்பங்கு அகதிகள் கணக்கில்தான் வந்தது. இது ஆய்வு சொன்னது, மறுக்க முடியாது. அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. தங்க அனுமதி கிடைக்க வாய்ப்பே இல்லாத வட ஆப்பிரிக்கர்கள் அங்கிருந்த அகதிகளில் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் வன்முறைச் சந்தேகத்தில் சிக்கிய அகதிகளில் 17 சதவீதம். அனுமதி கிடைக்கும் என்று நம்பிக்கை இருந்த சிரியர்களும் ஈராக்கியரும் தங்கள் எண்ணிக்கைக்குக் குறைவாகவே சிக்கினார்கள்.

இதை எல்லாம் நண்பரிடம் லிஃப்டில் சொன்னேன். முழுசாகக் கேட்டார். "அப்ப ஸ்வீடன்ல பொறந்த பையனுக்குக் காகிதம் இருக்கே சார், அவன் ஏன் சுடறான்?" என்றார். நாலாவது மாடி வந்துவிட்டது. வந்திருக்காவிட்டாலும் என்னிடம் முழுப் பதில் இல்லை. பள்ளி, தனித்தனிக் குடியிருப்பு, வேலைச் சந்தை என்று ஏதோ முணுமுணுத்தேன். காகிதம் கிடைத்தாலும் கதவு திறக்காத தெருக்கள் உண்டு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சைக்கிள்கள் இன்னும் கிடைக்கவில்லை. பின் கேட் பூட்டப்பட்டுவிட்டதால் அந்த ஆட்கள் இப்போது டீக்கடைக்கு ஒரு கிலோமீட்டர் சுற்றிப் போகிறார்கள். என் கையெழுத்தை எடுத்துவிடச் சொல்லிச் செக்ரட்டரிக்கு எழுதினேன், அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று பதில்.

நேற்று வீட்டு ஓனர் போன். வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும், போலீஸ் வெரிஃபிகேஷனும் திரும்பச் செய்யணுமாம். பதினோரு வருடமாக இதே ஊர். போட்டோ ஒட்டி, சொந்த ஊர் முகவரி என்ற இடத்தில் அம்பாசமுத்திரம் தாலுகா என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னைத் தெரிந்த உள்ளூர்க்காரர்கள் இரண்டு பேர் பெயர் வேண்டுமாம். ஒன்று செக்ரட்டரி.