ஏலமும் தாய்ப்பத்திரமும்

தமிழில் 'ஏலம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று மலையில் விளையும் ஏலம். 'ஏலாதி' இயற்றிய கணிமேதாவியார் தம் நூலுக்குப் பெயர் வைத்தது இந்த ஏலத்தைக் கொண்டுதான். மற்றொன்று கூவி விற்கும் விற்பனை. முன்னது நம் மண்ணின் சொல். பின்னது கப்பலேறி வந்த சொல். போர்ச்சுகீசியர் 'லெய்லாவ்' என்றதை மலையாளத்தார் 'லேலம்' என்றார்கள். நாம் முதலெழுத்தைக் கழித்துவிட்டு 'ஏலம்' என்றோம். வடக்கே 'நீலாம்' என்கிறார்கள். போர்ச்சுகீசியருக்கோ அது அரபியிலிருந்து கிடைத்தது. அரபி மூலத்துக்கு 'அறிவிப்பு' என்று பொருள். சிங்களத்தில் ஏலத்தை 'வெந்தேசி' என்பார்கள். அது டச்சுச் சொல்லின் திரிபு.

இந்த இரண்டு ஏலமும் என் பிழைப்போடு சம்பந்தப்பட்டவை. வைப்பினில் குடியிருந்துகொண்டு, மட்டாஞ்சேரியில் மலைச்சரக்கு வியாபாரம் செய்கிறவன் நான். ஏலக்காயை ஏலத்தில் எடுப்பது எனக்கு அன்றாட வேலை. ஆனால் இம்மலருக்கு நான் எழுத எடுத்துக்கொண்டது வேறோர் ஏலம். நம் நாட்டுப் பழம்பொருள்களும் படிமங்களும் உலகச் சந்தையில் எப்படி ஏலம் போகின்றன, அவற்றை வாங்குகிறவன் உண்மையில் எதை வாங்குகிறான் என்பதே கட்டுரைப் பொருள்.

பெருவிலையும் வெந்தேசியும்

சொல் வெளியிலிருந்து வந்தாலும் செயல் நமக்குப் புதிதல்ல. சோழர் கால நிலவிற்பனைக் கல்வெட்டுகளில் 'இராசராசப் பெருவிலை' என்றும் 'சண்டேசுவரப் பெருவிலை' என்றும் வருகின்றன. இவற்றைப் பலரறிய விற்கும் பொது ஏலம் என்று கல்வெட்டறிஞர்கள் விளக்குவர். அந்தக் கால விலை ஆவணங்களைப் படித்தால் ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். நிலத்தின் நான்கெல்லை, விற்பவன் பெயர், விலை, சாட்சிகள் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். 'இந்தப் பொருள் இவனுக்கு எப்படி வந்தது' என்ற கேள்விக்கு இடமில்லாமல் செய்வதே நோக்கம்.

கொச்சியை டச்சுக்காரர் 1663ல் பிடித்து 1795 வரை வைத்திருந்தனர். இறந்துபோன கம்பெனி ஊழியரின் வீட்டுச் சாமான்களைப் பொது ஏலத்தில் விற்று, எந்தப் பொருளை யார் என்ன விலைக்கு எடுத்தார் என்று பட்டியல் எழுதிவைப்பது அவர்கள் வழக்கம். அவர்களுடைய கொச்சி ஆவணங்கள் இன்று சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சோழனும் டச்சுக்காரனும் வேறு வேறு உலகம். ஆனால் விற்பனைக்குக் கூவல் மட்டும் போதாது, எழுத்தும் வேண்டும் என்பதில் இரண்டு பேரும் ஒன்று.

யூதர் தெருவின் மாற்றம்

மட்டாஞ்சேரி யூதர் தெருவைப் பார்க்காமல் கொச்சியைப் பார்த்தவர் இல்லை. 1568ல் கட்டிய பரதேசி யூதப் பள்ளி அந்தத் தெருவின் கோடியில் இருக்கிறது. இஸ்ரேல் நாடு பிறந்த பிறகு கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் குடிபெயர்ந்தார்கள். மிளகும் சுக்கும் மணந்த கிட்டங்கிகள் பல, சுற்றுலாப் பயணிகள் வரத்து கூடக் கூட, பழம்பொருள் கடைகளாயின. இன்று அங்கே வெண்கல வார்ப்புகள், சீனத்துச் சாடிகள், இடித்த தறவாட்டு வீடுகளின் தூண்கள், நம் செட்டிநாட்டுக் கதவுகள் எல்லாம் கிடைக்கும். காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் பார்த்த அதே மாதிரிச் சாமான்களை இங்கேயும் பார்க்கலாம்.

வீட்டுச் சாமான் விற்பதில் குற்றமில்லை. பாகம் பிரிக்க முடியாத வாரிசுகள் தூணையும் கதவையும் விற்று ரொக்கமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். கோயில் படிமம் என்று வரும்போதுதான் சிக்கல். சில வருஷத்துக்கு முன்னால் ஒருவர் ஒரு சாண் உயரப் பார்சுவநாதர் செப்புப் படிமத்தைக் காட்டி, "உங்கள் ஆளுகளுடெ சாமிதானே, எடுத்துக்கோ" என்றார். எங்கிருந்து வந்தது என்றேன். "பழைய வீட்டுச் சாமான்" என்றார். பதிவுச் சான்று இருக்கிறதா என்றேன். அவர் சிரித்துவிட்டார். "அண்ணாச்சீ, பேப்பர் உள்ளதானா இந்த விலைக்குக் கிட்டுமோ?" நான் வாங்கவில்லை. ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் இந்தத் தொழிலின் சூட்சுமம் முழுக்க அடங்கியிருக்கிறது. விலையின் பெரும்பகுதி பொருளுக்கல்ல, காகிதத்துக்கு.

ஏலக்கூடத்தின் நடைமுறை

லண்டனில் சோத்பீஸ் 1744லும் கிறிஸ்டீஸ் 1766லும் தொடங்கப்பட்டவை. நம் மும்பையில் 2000ல் சாஃப்ரன்ஆர்ட் தொடங்கியது. கிறிஸ்டீஸும் 2013 முதல் 2016 வரை அங்கே ஏலம் நடத்தியது.

முறை எளிதுதான். பொருளுக்கு எண் போட்டு, படத்தோடு பட்டியல் அச்சிடுவார்கள். இன்ன விலைக்குப் போகலாம் என்று ஒரு மதிப்பும் போடுவார்கள். அதற்குள்ளே, இதற்குக் கீழே கொடுப்பதில்லை என்று விற்பவர் சொல்லிவைத்த அடிவிலை ஒன்று ரகசியமாக இருக்கும். சுத்தியல் விழுந்த விலை மட்டும் கொடுத்தால் போதாது. வாங்குகிறவர் தலையிலும் தரகு உண்டு. 1975ல் இரண்டு கம்பெனிகளும் கொண்டுவந்த இந்த வழக்கம் இன்று நூற்றுக்கு இருபதைத் தாண்டி நிற்கிறது. தரகு விஷயத்தில் இருவரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று 2000ல் வெளிப்பட்டு, வாடிக்கையாளர்களுக்கு 51.2 கோடி டாலர் ஈடு கொடுக்க நேர்ந்தது. பெரிய இடம் என்றால் பெரிய மனசு என்று எண்ணிவிடக் கூடாது.

நம் நாட்டில் 1930ம் வருஷத்துப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 64ம் பிரிவு ஏலத்தைப் பற்றியது. சுத்தியல் தட்டியோ வழக்கமான வேறு முறையிலோ விற்பனை முடிந்ததாக அறிவிக்கும்வரை கேட்டவர் தம் கேள்வியைத் திரும்பப் பெறலாம். விலை ஏற்றுவதற்காக விற்பவர் பொய்யாக ஆள் வைத்துக் கேட்டால், வாங்கியவர் அந்த விற்பனையை ரத்து செய்யலாம். அதே சட்டத்தின் 27ம் பிரிவுதான் இதைவிட முக்கியம். விற்பவனுக்கு இல்லாத உரிமை, சில விலக்குகள் தவிர, வாங்குகிறவனுக்கு வராது என்கிறது அது.

இங்கே என் தொழிலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். போடிநாயக்கனூரிலோ புற்றடியிலோ ஏலக்காய் எடுக்கும்போது சாம்பிளைக் கையில் வாங்கி, நிறம் பார்த்து, பருமன் பார்த்து, உரித்து விதை பார்த்துத்தான் விலை கேட்போம். காய் எந்தத் தோட்டம் என்று தெரியாவிட்டாலும் நஷ்டமில்லை. குணம் காயிலேயே இருக்கிறது. நிலம் வாங்கும்போது அப்படியா? மண் எவ்வளவு நல்ல மண்ணாக இருந்தாலும் தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் பார்க்காமல் யாராவது முன்பணம் கொடுப்பார்களா? படிமம் காய் மாதிரி கையில் எடுத்துப் பார்க்கக் கூடியது. ஆனால் நிலம் மாதிரி மூலம் தேட வேண்டியது. உலகத்துப் பணக்காரர்கள் பலர் அதைக் காய் மாதிரி வாங்கித்தான் கெட்டார்கள்.

பத்தூரும் ஸ்ரீபுரந்தானும்

1976ல் தஞ்சைப் பகுதிப் பத்தூரில், சிதைந்து கிடந்த விசுவநாதசுவாமி கோயிலருகே மண் தோண்டிய ஒரு கூலித் தொழிலாளிக்கு நடராசர் உள்ளிட்ட படிமங்கள் கிடைத்தன. கை மாறி, கடல் தாண்டி, அந்த நடராசர் லண்டன் போய்ச் சேர்ந்தார். 1982ல் பம்பர் டெவலப்மென்ட் என்ற கனடா நாட்டுக் கம்பெனி அதை ஒரு வியாபாரியிடம் 2,50,000 பவுண்டுக்கு நல்லெண்ணத்தோடு வாங்கியது. ஏலக்கூடத்தில் அல்ல, தனி விற்பனையில். பொருளோடு வந்த பூர்வீகக் கதை பொய். பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் லண்டன் போலீஸ் படிமத்தைக் கைப்பற்றியது.

வழக்கில் தமிழக அரசோடு கோயிலும் சிவலிங்கமும் உரிமை கோரியது உலகத்துக்கே புதுமை. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சாட்சி சொன்னார். படிமத்தின் மேல் ஒட்டியிருந்த மண்ணும் கரையான் தடமும்கூட ஆராயப்பட்டன. 1988ல் தீர்ப்பு கோயில் பக்கம் வந்தது. 1991ல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. அதே வருஷம் நடராசர் ஊர் திரும்பினார். நல்லெண்ணத்தோடு வாங்கிய கம்பெனிக்கு மிஞ்சியது செலவுதான்.

இவ்வளவு பேர் பெற்ற வழக்குக்குப் பிறகாவது உலகம் விழித்ததா? இல்லை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவு போன நடராசரை, ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008ல் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடம் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அந்தக் கோயிலிலேயே முன்பு எடுத்துவைத்திருந்த புகைப்படம் உண்மையைக் காட்டிக்கொடுத்தது. 2014 செப்டம்பரில் படிமம் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. கபூருக்கு 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் பத்து வருஷச் சிறைத் தண்டனை விதித்தது.

எங்கள் சமயத்தாருக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்று. 2016 மார்ச்சில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு வந்திருந்த இரண்டு கற்சிற்பங்களை அமெரிக்க அதிகாரிகள் கைப்பற்றினார்கள். அவற்றில் ஒன்று பத்தாம் நூற்றாண்டு ரிஷபநாதர். மதிப்பு சுமார் 1,50,000 டாலர். ஆதிநாதராகிய ஆதிபகவன், எண் ஒட்டிய சரக்காக நின்றார். பட்டியலில் அச்சாகிவிட்டாலே பொருள் சுத்தமாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஐந்து குற்றங்கள்

இல்லறத்தார் ஏற்கும் கள்ளாமை விரதத்துக்கு ஐந்து அதிசாரங்களை, அதாவது விரதத்தை மீறாமலே அதைக் கெடுக்கும் ஐந்து குற்றங்களை, உமாஸ்வாமியின் தத்துவார்த்த சூத்திரம் வகுத்துள்ளது. களவு செய்ய ஒருவனை ஏவுவது ஒன்று. கள்வன் கொண்டுவந்ததை வாங்குவது இரண்டு. அரசின் விதியைக் கடந்து வாணிகம் செய்வது மூன்று. அளவையில் ஏமாற்றுவது நான்கு. போலியை மெய்யென்று விற்பது ஐந்து.

வாணிகத்துக்கென்று ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் முன்னால் சொன்னவை இவை. இன்றைய பழம்பொருள் சந்தையை யாரோ நேரில் பார்த்துவிட்டு எழுதியது போல இல்லையா? கோயில் கதவை உடைக்க ஆள் வைப்பவன் முதல் குற்றம். சுங்கத்தில் 'புதிய கைவினைப் பொருள்' என்று எழுதி ஏற்றுமதி செய்கிறவன் மூன்றாவது. சிவபுரத்து நடராசரைப் பழுதுபார்க்கக் கொடுத்தபோது போலி திரும்பி வந்தது, மெய் கடல் கடந்தது, அது ஐந்தாவது. 1973ல் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அதை வாங்கியதும், வழக்கு சமரசமாகி 1986ல் அது திரும்பியதும் ஊரறிந்தவை.

கவனிக்க வேண்டியது இரண்டாவது குற்றம். களவாடியவனை மட்டும் நூல் குற்றம் சொல்லவில்லை. வாங்கியவனையும் சேர்த்தே சொல்கிறது. 'எனக்குத் தெரியாதுங்க' என்பது அங்கே பதிலாகாது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது வாங்குகிறவன் கடமை. லண்டன் நீதிமன்றம் 1991ல் வந்து சேர்ந்த இடத்தில் நம் அறநூல் முன்னமே நிற்கிறது.

கேட்க வேண்டிய கேள்விகள்

1972ல் இயற்றி 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம்தான் இன்றும் நமக்கு அளவுகோல். நூறு வருஷம் கடந்த சிற்பம், ஓவியம் முதலியவையும், எழுபத்தைந்து வருஷம் கடந்த அரிய சுவடிகளும் தொல்பொருள். வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். கல், உலோகப் படிமம் போன்றவற்றைப் பதிவு செய்ய வேண்டும். கை மாறினால் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். தனியார் யாரும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. ரவிவர்மா ஓவியங்களுக்கும் இந்தத் தடை உண்டு.

ஆகவே அன்பர்கள் ஏலத்திலோ கடையிலோ பழம்பொருள் எடுக்க நினைத்தால் மூன்று கேள்வி போதும். 1976க்கு முன் இது யாரிடம் இருந்தது? பதிவுச் சான்று எங்கே? பழைய புகைப்படமோ ரசீதோ உண்டா? பதில் நழுவினால் நீங்களும் நழுவிவிடுங்கள்.

காகிதம் சரியாக இருந்தாலும் சில பொருள்கள் விலைக்கு உரியவையல்ல என்பது வேறு விஷயம். 1898ல் பிப்ராவாவில் புத்தரின் எலும்போடு கிடைத்த மணிகளில் ஒரு பங்கு, தோண்டிய ஆங்கிலேயர் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. மறைக்க எதுவுமில்லை. ஆனாலும் 2025 மே மாதம் ஹாங்காங்கில் சோத்பீஸ் அதை ஏலம் விட முனைந்தபோது இந்திய அரசு நோட்டீசு அனுப்பி நிறுத்தியது. கோத்ரெஜ் குழுமம் வாங்கி, ஜூலையில் மணிகள் இந்தியா வந்தன.

வாங்குகிறவனுக்குச் சொன்னேன், உடையவனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆரணி, வந்தவாசி, செஞ்சிப் பக்கத்துச் சமண ஊர்களிலிருந்து பிழைப்புக்காக என்னைப் போல வெளியேறியவர்கள் பலர். ஜினாலயங்களில் பூசைக்கு நாலு குடும்பம், சில ஊரில் அதுவும் இல்லை. பூட்டு மட்டும் காவல். சைவ வைணவ ஊர்களிலும் நிலைமை அதுதானே? ஸ்ரீபுரந்தான் நடராசரை மீட்டது வாளோ வக்கீலோ அல்ல, ஒரு பழைய புகைப்படம். இந்த வருஷத் திருவிழாவுக்கு ஊர் போகும் அன்பர்கள், நம் கோயில் படிமங்களை முன்னும் பின்னும் பீடமும் தெரியப் படமெடுத்து, உயரத்தை அளந்து, பீடத்து எழுத்தைப் படியெடுத்து, ஊரிலொரு பிரதியும் சங்கத்திலொரு பிரதியும் வைக்க வேண்டுகிறேன். அரை நாள் வேலை. நம் தெய்வங்களுக்கு நம்மால் எழுதிவைக்க முடிந்த தாய்ப்பத்திரம் அதுதான்.