கோவளம் அலைச்சறுக்கு இசை விழா

சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த கோவளம் என்னும் மீனவக் கிராமத்தின் கடற்கரையில், பகலில் அலைச்சறுக்குப் போட்டியும் இரவில் தற்கால இசையுமாக 2013ஆம் ஆண்டு தொடங்கி ஆகஸ்டு மாதங்களில் நடத்தப்பட்டுவந்த கலைவிழா இது. பின்னாளில் யோகப் பயிற்சியும் சேர்ந்துகொண்டபடியால் விழாவின் பெயரும் அதற்கேற்ப நீண்டது. கேரளத்துக் கோவளத்தோடு இதனை மயங்கற்க.

சென்னை வாசிகளுக்குச் சங்கீத விழா என்றால் மார்கழிதான். 1927ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த சங்கீத மாநாட்டிலிருந்து மியூசிக் அகாடமி உதித்து, அதனைப் பின்பற்றி ஏனைய சபாக்களும் டிசம்பரையே தங்கள் பருவமாக வரித்துக்கொண்டதற்குப் பின்னர், வெயில் காலத்தில் இந்நகரத்தில் பெருவிழா எடுப்பது எவருக்கும் எளிதில் தோன்றாத காரியமாயிற்று. கோவளத்தார் ஆகஸ்டைத் தேர்ந்ததற்கோ சங்கீதம் காரணமன்று, கடலே காரணம். தென்மேற்குப் பருவக்காற்று நிலவும் மாதங்களில் இந்துமாக்கடலின் தென்பகுதியில் எழும் நெடுந்தூர அலைகள் வங்கக் கடற்கரையின் இப்பகுதிக்கு வந்து சேர்ந்து, சறுக்குவோர் விரும்பும் சீரான உருவத்தைப் பெறுகின்றன; அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கடலும் கலங்கிவிடும், கரையில் மேடை போடுவதும் இயலாது. ஆகவே, ஆடி முடிந்து ஆவணி பிறக்கிற, வெயிலும் புழுக்கமும் இன்னும் அடங்காத அந்த நாட்களே விழாவுக்கு வாய்த்தன.

விழா வருவதற்கு முன்னரே கோவளம் பெயர் பெற்ற ஊர். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இன்றைய பெல்ஜிய நாட்டைச் சேர்ந்த ஆஸ்டெண்டு வணிகக் கம்பெனி இங்கே பண்டகசாலை வைத்திருந்தது. ஆர்க்காட்டு நவாபு கட்டிய கோட்டையொன்று பிரெஞ்சுக்காரர் கைக்கு மாறி, 1752ஆம் ஆண்டில் ராபர்ட் கிளைவால் கைப்பற்றப்பட்டுத் தகர்க்கப்பட்டது. அதன் எச்சங்கள் இருந்த நிலத்தில் இப்போது நட்சத்திர விடுதி நிற்கிறது. நபிகளின் தோழராகக் கருதப்படும் தமீம் அன்சாரி அடக்கமான தர்காவும், கார்மேல் மாதா ஆலயமும் இவ்வூரில் உள்ளன. அவ்வாலயத்திலேதான் சென்னையின் பெருவணிகரான ஜான் டி மான்டி அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஆழ்வார்ப்பேட்டையிலுள்ள டிமான்டி காலனியைப் பேய்க்கதையாக மட்டுமே அறிந்தவர்கள் அப்பெயருக்கு உரியவரின் கல்லறையை இங்கே காணலாம். தர்காவில் கந்தூரியும் ஜூலையில் மாதா திருநாளும் பாட்டோடும் ஊர்வலத்தோடும் நடைபெறும் கிராமத்துக்கு, விழா என்பது நகரத்தார் வந்து கற்றுக்கொடுத்த விஷயம் ஆகாது என்பதை, இவ்விழாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

விழாவின் தோற்றத்தை விளங்கிக்கொள்ள மூவரை அறிதல் வேண்டும். முதலாமவர் மூர்த்தி மேகவன். கோவளத்து மீனவர் குடும்பத்தில் பிறந்து, அலைச்சறுக்கு என்னும் விளையாட்டு ஒன்று உலகில் உண்டென்றே அறியாத பருவத்தில், கையில் கிடைத்த மரப்பலகையின்மேல் அலையேறிப் பழகியவர். இரண்டாமவர் யோதம் அகம் என்னும் ஒலிப்பொறியியலாளர். இஸ்ரேலிலிருந்து சென்னைக்கு வந்து இசைப்பதிவுத் தொழிலில் ஈடுபட்டிருந்த இவர், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவளக் கரைக்கு அலைச்சறுக்க வந்தபோது தம்முடைய பலகையை மூர்த்திக்கு இரவல் கொடுத்தார். மூன்றாமவர் தொழிலதிபரும் அலைச்சறுக்கு ஆர்வலருமான அருண் வாசு. இவருடைய ஆதரவோடு 2012ஆம் ஆண்டில் மூர்த்தி நிறுவிய சமூக அலைச்சறுக்குப் பள்ளி, ஊர்ப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி இவ்வித்தையைக் கற்பிக்கலாயிற்று. புகையும் குடியும் கூடாது, பள்ளிப் படிப்பை விடக் கூடாது என்பன அங்கே விதிகள். அடுத்த ஆண்டே விழா பிறந்தது. தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஜான்ட்டி ரோட்ஸ், தாமே அலைச்சறுக்கில் பிரியம் உடையவராதலால், இவ்விழாவோடு நெருங்கிய தொடர்பு கொண்டு அதன் பெயரை வெளியூர்களுக்கு எடுத்துச் சென்றார்.

இரவல் கொடுக்கப்பட்ட அந்தப் பலகை இசைத்தொழிலில் இருந்த ஒருவருடையதாக இருந்தது தற்செயலேயாயினும், விழாவில் இசைக்குக் கிடைத்த இடம் தற்செயலானதன்று. யோதம் அகம் பணியாற்றிய எர்த்சிங்க் என்னும் சென்னை இசைநிறுவனம் விழாவின் இசைப்பகுதியைத் தொகுத்தளித்தது. அந்நிறுவனத்தின் பிரசித்தமான படைப்பு 'லயா புராஜெக்ட்'. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கிய கரைகளுக்கு, அதாவது இந்தியா, இலங்கை, தாய்லாந்து, இந்தோனேசியா, மாலத்தீவு, மியான்மர் ஆகிய நாடுகளின் கடலோர ஊர்களுக்குச் சென்று, அவ்வூர்ப் பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் அவர்கள் இருந்த இடத்திலேயே ஒலிப்பதிவு செய்து, பின்னர் ஒலிக்கூடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இழைத்து, ஹரோல்ட் மான்ஃபில்ஸ் இயக்கிய திரைப்படமாகவும் இசைத்தொகுப்பாகவும் வெளியிட்டனர். கடலால் துன்புற்ற ஊர்களின் பாட்டைச் சேகரித்த ஒரு குழு, சில ஆண்டுகளுக்குப் பின்னர் அத்தகைய ஊரொன்றின் கரையிலே இசைமேடை அமைத்தது என்பதை நோக்க, கிடைத்த இடத்தில் நாலு வாத்தியக் குழுக்களை ஏற்றிவிட்டுப் போகும் நிகழ்ச்சியினின்றும் இது வேறானது என்பது புலனாகும்.

தற்கால இசை என்று இங்கே சுட்டப்படுவது திரைப்பாட்டும் அன்று, கச்சேரி சம்பிரதாயமும் அன்று. கித்தாரும் டிரம்ஸும் கணினியொலியும் முதன்மை பெற, நாட்டார் மெட்டும் ராகச்சாயையும் அவற்றோடு கலந்துவர, தம் பாட்டைத் தாமே இயற்றிப் பாடும் குழுக்களின் இசை. நாள்முறை இயற்கையோடு ஒத்தது. அதிகாலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று அலையின் முகத்தை நிமிர்த்தி வழுவழுப்பாக வைக்கிறபடியால் சறுக்குவதற்கு அப்பொழுதே உகந்த நேரம். வெயில் ஏறியபின் கடற்காற்று புகுந்து அலைகளைக் குலைத்துவிடும். பொழுது சாய்ந்ததும் இசை தொடங்கும்.

கடற்கரையில் ஒலியமைப்பது எளிய காரியமன்று. சபா மண்டபத்தில் சுவரும் கூரையும் ஒலியைத் திருப்பித் தருகின்றன. மணல்வெளியிலோ போன ஒலி போனதுதான். காற்றை எதிர்த்துச் செல்லும் ஒலி மேல்நோக்கி வளைந்து கேட்போர் தலைக்கு மேலாகப் போய்விடும். காற்றோடு செல்லும் ஒலியோ தரையை நோக்கி வளைந்து வெகுதூரம் கேட்கும். ஆதலின் மாலைக் கடற்காற்றுக்கு முதுகு காட்டி மேடை அமைவது நலம். ஈரமும் உப்பும் நிறைந்த காற்றில் மிருதங்கம், பறை முதலிய தோற்கருவிகள் தளர்ந்து சுருதி இறங்குவதும், மின்னிணைப்புகள் விரைவில் துரு ஏறுவதும் தனித்தொல்லைகள். இவற்றுக்கெல்லாம் அடியில், எந்த ஒலிபெருக்கியாலும் நிறுத்த முடியாதபடி, அலையோசை இடைவிடாமல் இருந்துகொண்டே இருக்கிறது. மெல்லிய ஆலாபனைக்கு இக்கரை ஏற்றதன்று என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தென்சென்னையிலும் அதன் புறநகரிலும் இவ்வகை இசை தங்கிய வேறு இடங்களும் உண்டு. சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931ஆம் ஆண்டில் மின்சார ரயில் ஓடத் தொடங்கி, 1937ஆம் ஆண்டில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக் காட்டு நிலத்துக்குக் குடிபெயர்ந்தபின், ஆங்கிலப் பாட்டும் கித்தாரும் அந்த மரநிழலில் வேரூன்றின. 'டீப் உட்ஸ்' என்னும் அக்கல்லூரியின் கலைவிழா அம்மரங்களின் பெயரையே தாங்கி நிற்கிறது. கிண்டியை அடுத்த ஐ.ஐ.டி.யில் 'மார்டி கிரா' என்ற பெயரில் தொடங்கி, 1996ஆம் ஆண்டில் 'சாரங்' என்று பெயர் மாறிய மாணவர் விழாவின் திறந்தவெளி அரங்கு, ராக் இசைக் குழுக்களுக்கு இந்நகரில் கிடைத்த மிகப் பெரிய மேடைகளுள் ஒன்று. பெசன்ட் நகரில், பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சுற்றுச்சூழல் எழுத்தாளர் நித்யானந்த் ஜெயராமனும் ஊர் மக்களோடு சேர்ந்து 2015ஆம் ஆண்டில் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவும் மீனவக் கிராமத்தைக் களமாகக் கொண்டதே. ஆனால் அங்கே மையம் வேறு: கர்நாடக சங்கீதமும் பரதமும் சபாவை விட்டு இறங்கிவந்து, பறையாட்டத்துக்கும் கூத்துக்கும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது அவ்விழாவின் உத்தேசம்.

இவையனைத்தையும் ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை தென்படும். சென்னையில் தற்கால இசைக்கென்று சொந்த மனை கிடையாது. கல்லூரியிலும் விடுதி மதுக்கூடத்திலும் பிறநாட்டுக் கலாசார நிலையங்களிலும் அது ஒண்டுக்குடித்தனம் செய்து பிழைக்கிறது. வீட்டுக்காரர் நாட்காட்டிக்கு ஏற்பவே அது பாட வேண்டியிருக்கிறது: தேர்வு வந்தால் கல்லூரி மேடை அடைபடும், வியாபாரம் குன்றினால் விடுதியின் மேடை அகற்றப்படும். கோவளத்திலும் அது குடியிருப்பவர் நிலையிலேயே இருந்தது. விழாவின் தேதியைக் குறித்தது அலைதான், பாட்டன்று. எனினும் அங்கே இசை கேட்க வந்த நகரத்து இளைஞர்கள், பகலெல்லாம் ஊர்ப் பிள்ளைகள் தங்களினும் தேர்ந்தவர்களாய் அலைமேல் நிற்பதைக் கண்ட பின்னரே மாலையில் மேடையின் முன் கூடினார்கள். ரசிகர் என்ற உயரத்திலிருந்து இறங்கிக் கற்றுக்கொள்பவராய் ஒரு பகலைக் கழித்துவிட்டுப் பாட்டுக் கேட்பதற்கான வாய்ப்பு வேறெந்தச் சென்னை விழாவிலும் இவ்வளவு இயல்பாக அமைந்ததில்லை என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

தாம்பரத்திலிருந்து செல்வோர் வண்டலூரை அடைந்து, கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் சேரலாம். வடக்கேயிருந்து வருவோர் வழியில், 1966ஆம் ஆண்டில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் வழிகாட்ட உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்தையும், முட்டுக்காட்டில் 1996ஆம் ஆண்டு முதல் இயங்கும் தட்சிணசித்ராவையும் கடப்பார்கள். கலைக்கும் இக்கடற்கரைச் சாலைக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு பழையது. கோவளக் கடற்கரை 2021ஆம் ஆண்டில் நீலக்கொடித் தரச்சான்று பெற்றது. அலைச்சறுக்கு டோக்கியோவில் ஒலிம்பிக் விளையாட்டாக ஏற்கப்பட்டதற்குப் பின்னர் பெரும்போட்டிகளின் கவனம் சற்றுத் தெற்கே நகர்ந்து, 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடைபெற்றது.