காபிக் கிளப்பின் நாற்காலி

விடியற்காலையில் காபி குடிப்பதை வேதகாலத்திலிருந்து வந்த அனுஷ்டானம் போலப் பாவிக்கிற சென்னைவாசியிடம், அவருடைய கொள்ளுப்பாட்டனார் நீராகாரம் அருந்திவிட்டுத்தான் அன்றாடக் காரியங்களைத் தொடங்கினார் என்று சொன்னால், அவர் அதை எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார். பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதன் என்னும் சூஃபிப் பெரியார் ஏமன் நாட்டு மோக்கா துறைமுகத்திலிருந்து ஏழு விதைகளைக் கொணர்ந்து மைசூர்ச் சீமையின் சந்திரகிரி மலையில் ஊன்றினார் என்பது ஐதிகம். ஐதிகம் எப்படியிருந்தபோதிலும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடகு, வயநாடு, நீலகிரி, ஏற்காடு முதலிய மலைகளில் துரைமார்கள் காடழித்துத் தோட்டம் போட்டதும், விளைச்சலிற் பெரும்பகுதி கப்பலேறிச் சீமைக்குப் போனதும், எஞ்சியது கடைத்தெருவுக்கு வந்து முதலில் பிராமணக் குடும்பங்களின் அடுப்பங்கரையிலும் பிறகு அவற்றைப் பார்த்து மற்றக் குடும்பங்களிலும் இடம் பிடித்துக்கொண்டதும் சரித்திரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காபியைக் கண்டித்து எழுதுவது பத்திரிகைகளுக்கு ஒரு வழக்கமாகவே இருந்தது. காந்தியடிகளும் தேயிலை, காபி இரண்டையும் தேகத்துக்கு வேண்டாதவை என்றே சொல்லிவந்தார். அவரை மகாத்மா என்று கொண்டாடிய தமிழர்கள் இந்த ஓர் உபதேசத்தை மட்டும் காபியோடு சேர்த்து விழுங்கிவிட்டார்கள்.

இந்தக் கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் ஆராய்ந்திருக்கிறாராகையால் அதைத் திரும்பச் சொல்வது என் நோக்கமன்று. நான் சொல்ல விரும்புவது வீட்டுக் காபியைப் பற்றியதுமன்று. கடைக் காபியைப் பற்றியது. அதிலும், பாலும் பொடியும் சர்க்கரையும் பேட்டைக்குப் பேட்டை அதிகம் வேறுபடுவதில்லை. ஒரு டம்ளர் காபிக்குக் காசு கொடுத்த மனிதன் எங்கே, யாருக்குப் பக்கத்தில், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கலாம் என்ற விஷயத்தில்தான் சென்னையின் ஒவ்வொரு பேட்டையும் தனக்கென்று ஒரு சம்பிரதாயம் வைத்திருந்தது.

முதலில் ஜார்ஜ் டவுன். துறைமுகமும் ஹைகோர்ட்டும் மொத்த வியாபாரக் கிடங்குகளும் அடுத்தடுத்து நெருக்கியிருந்த அந்தப் பகுதியில், குமாஸ்தாக்களும் தரகர்களும் கட்சிக்காரர்களும் காலை முதல் மாலை வரை கால்நடையாகவே அலைந்தார்கள். அவர்களுக்காக ஏற்பட்டவைதான் காபிக் கிளப்புகள். தென் கன்னடத்திலிருந்து, உடுப்பியைச் சூழ்ந்த கிராமங்களிலிருந்து, கையில் சமையல் வித்தையைத் தவிர வேறு மூலதனமில்லாமல் வந்து சேர்ந்தவர்கள் இக்கிளப்புகளில் அரைக்கிற வேலையிலும் எச்சில் இலை எடுக்கிற வேலையிலும் தொடங்கிக் கல்லாப்பெட்டிவரை உயர்ந்தார்கள். பிற்காலத்தில் உட்லண்ட்ஸ் என்ற பெயரால் பிரசித்தி பெற்ற கே. கிருஷ்ண ராவும் இப்படி வந்தவரே. ஆச்சாரப்பன் தெருவில் அவர் நடத்திய சிறு உணவகத்திலிருந்து கிளைத்ததுதான் அந்தப் பெரிய ஸ்தாபனம். இப்பேட்டையின் கிளப்புகளில் நாற்காலி இருந்ததே தவிர, அதில் சாய்ந்து உட்காருவதற்கு அனுமதி இருந்ததாகச் சொல்ல முடியாது. வந்தவர் ஒருவர் குடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வார். பரிமாறுகிறவர் உள்ளே பார்த்து 'ரெண்டு ஸ்ட்ராங், ஒரு லைட், ஒரு சர்க்கரை கம்மி' என்று ஒரே மூச்சில் உரக்கச் சொல்லுவார். ஆற்றி முடித்த காபி மேசைக்கு வந்த மறு நிமிஷமே பில்லும் வந்துவிடும்.

இந்தப் பேட்டைக்கும் அதன் காபிக்கும் சாசுவதமான இலக்கிய அந்தஸ்தைத் தேடித் தந்தவர் புதுமைப்பித்தன். 1943-இல் வெளிவந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்ற கதை, பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற சந்தியில், டிராமிலும் பஸ்ஸிலும் போகிற செலவையும் வெற்றிலை பாக்குச் செலவையும் அரைக் கோப்பைக் காபியின் விலையையும் ஒன்றுக்கொன்று ஈடாக வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்கும் ஒரு மனிதரிடம் தொடங்குகிறது. அவரும் கடவுளும் ஹோட்டலுக்குள் நுழைந்து காபி குடிக்கும் கட்டத்தில், அதன் ருசியைத் தம் திருவிளையாடலாக எண்ணிப் பெருமைப்படும் கடவுளிடம், அது ஹோட்டல்காரன் கலந்த சிக்கரியின் விளையாட்டு என்று பிள்ளை திருத்தம் சொல்லுகிறார். ஹாஸ்யத்துக்காக எழுதிய இடமாயினும், அந்நாளைய நடுத்தரச் சென்னைவாசியின் பொருளாதார சாஸ்திரம் முழுவதும் அந்தத் தொடக்கக் கணக்கில் இருக்கிறது. கால் நோக நடந்தால்தான் காபிக்குக் காசு மிஞ்சும்.

பிள்ளை போக நினைத்த திருவல்லிக்கேணி வேறு ஜாதிப் பேட்டை. ஒரு புறம் பார்த்தசாரதி கோயிலையும் அதன் அக்கிரகாரத்தையும், மறு புறம் ஆற்காட்டு நவாபுகள் காலத்து வாலாஜா மசூதியையும், நடுவே கல்லூரி மாணவர்களும் உத்தியோகம் தேடி வந்த இளைஞர்களும் நிரம்பி வழிந்த மேன்ஷன்களையும் கொண்ட அவ்விடத்தில், அறைக்கு மூன்று பேராக ஒண்டிக்கொண்டிருந்த பிரமசாரிகளுக்குக் காபிக் கடையே கூடமாகவும் திண்ணையாகவும் வாசகசாலையாகவும் பயன்பட்டது. ஓர் அரைக் காபியை முன்னால் வைத்துக்கொண்டு, பத்திரிகையின் தனித்தனித் தாள்களைப் பங்கு போட்டுப் படித்து, கிரிக்கெட்டிலிருந்து மந்திரிசபை வரை விவகாரம் பேசித் தீர்க்கும் அவர்களை எழுப்பிவிடுவதற்கு முதலாளிகள் படாத பாடில்லை. அரசியல் பேசக் கூடாதென்று சுவரில் பலகை மாட்டியும் பயன் விளைந்ததாகத் தெரியவில்லை. 1948-இல் வடநாட்டுக் குடும்பம் ஒன்று திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் ஆரம்பித்த ரத்னா கபே, சாம்பாரில் மூழ்கிய இட்லிக்கும் அதைத் தொடர்ந்து வரும் காபிக்கும் புகழ் பெற்றது. வடக்கேயிருந்து வந்தவர்களுடைய சாம்பாரைத் திருவல்லிக்கேணி தன்னுடையதாக்கிக்கொண்டது அந்தப் பேட்டையின் பரந்த மனத்துக்கு அத்தாட்சி.

ஆனால் அந்த மனத்தின் எல்லையையும் அதே பேட்டையில்தான் பார்க்க நேர்ந்தது. அக்காலத்துக் காபிக் கிளப்புகளின் சரித்திரத்தை வாசனையும் நுரையுமாகவே வர்ணித்துவிட்டுப் போகிறவர்கள், வாசலில் தொங்கிய பலகையைப் படிக்காமல் உள்ளே நுழைந்தவர்கள் என்றே நான் சொல்லுவேன். 'பிராமணாள் காபி கிளப்' என்று எழுதிய பலகைகள் நகரமெங்கும் இருந்தன. சில இடங்களில் சமைப்பவர் பிராமணர் என்று தெரிவிப்பதோடு அப்பலகையின் காரியம் முடிந்தது. சில இடங்களிலோ பிராமணர்களுக்கு உள்ளே தனிக் கூடமும் மற்றவர்களுக்கு வெளியே ஓர் இடமும் ஒதுக்கப்பட்டிருந்தன. தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கோ பல கடைகளில் அந்த வெளியிடமும் கிடையாது. ரயில்வே நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் இருந்த இந்தப் பாகுபாட்டை ஜஸ்டிஸ் கட்சியாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் நெடுங்காலம் கண்டித்ததன் பலனாக, 1941-இல் அங்கே அது ஒழிந்தது. தனியார் கடைகளில் பலகை நீடித்தது. 1957-இல் பெரியார் ஈ. வெ. ராமசாமி திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன்பு மறியல் தொடங்கினார். நாள்தோறும் தொண்டர்கள் வந்து நிற்பதும் போலீஸார் கைது செய்து கொண்டுபோவதுமாகப் பல மாதங்கள் நடந்து, கைதானவர்கள் நூற்றுக்கணக்கில் பெருகிய பின், 'பிராமணாள்' என்ற சொல் அப்பலகையிலிருந்து போயிற்று. பிற கடைக்காரர்கள் அதைப் பார்த்துத் தாங்களாகவே தங்கள் பலகைகளை மாற்றிக்கொண்டார்கள். ஒரு டம்ளர் காபிக்குரிய நாற்காலி எல்லோருக்கும் பொதுவானது இவ்வளவு தாமதமாகத்தான்.

பெண்களின் நிலை இன்னும் தாமதம். கௌரவமான குடும்பத்து ஸ்திரீ ஹோட்டலில் உட்கார்ந்து காபி குடிப்பது என்பது வெகு நாள்வரை நினைக்கக்கூடிய காரியமாக இல்லை. பிற்பாடு ஹோட்டல்காரர்கள் திரை போட்ட 'ஃபேமிலி ரூம்' ஒன்றைத் தடுத்துக் கொடுத்து, கணவனும் குழந்தைகளும் சூழ வருகிற பெண்மணிக்கு ஒரு வழி செய்தார்கள்; தனியே வருகிறவளுக்கு வழி ஏற்படவில்லை.

இக்காரணத்தாலோ, தற்பெருமையாலோ, மயிலாப்பூர் ஹோட்டல் காபியை ஒருபோதும் முழு மனத்தோடு ஏற்றதில்லை. கொட்டையை வீட்டிலேயே பதமாக வறுத்து, கைமெஷினில் அன்றன்றைக்கு அரைத்து, பித்தளை பில்டரில் வெந்நீர் ஊற்றி இறக்கிய முதல் டிகாக்ஷனில், கண் முன்னே கறந்த பசும்பாலைக் கலந்து குடித்தவர்களுக்கு, கடையில் ஊரார் டம்ளரில் குடிப்பது ஆபத்துக்காலத் தர்மமாகத் தோன்றியதில் வியப்பில்லை. வறுப்பதும் அரைப்பதும் பிற்பாடு மாட வீதிகளை அடுத்த காபிப்பொடிக் கடைகளுக்கு மாறின. பீபரி இவ்வளவு, பிளாண்டேஷன் இவ்வளவு, சிக்கரி இவ்வளவு என்று விகிதாசாரம் சொல்லி, கண் முன்னே அரைத்து வாங்கிப்போவது அங்கே இன்றும் ஒரு சடங்கு. எனினும் நூற்றுக்கு நாற்பது சிக்கரி கலந்துகொண்டு போகிறவர்கள் காபியின் சுத்தத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வதைக் கேட்கும்போது சிரிப்பை அடக்குவது சிரமம். அப்பேட்டையில் பெயர் பெற்ற உணவிடங்களும் வீட்டின் சாயலிலேயே அமைந்தன. கச்சேரி சாலையை ஒட்டி, அருண்டேல் தெருவில் ராயர் மெஸ் என்று வழங்கும் இடத்தில், சந்துக்குள் நுழைந்து, கூப்பிடும்வரை காத்திருந்து, இட்லியும் வடையும் கெட்டிச் சட்னியும் சாப்பிட்டுக் காபியோடு எழுந்து வரவேண்டும். அலங்காரம் என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை.

அலங்காரத்துக்கு மவுண்ட் ரோட்டுக்குத்தான் போகவேண்டும். 1906-இல் டி ஆஞ்சலிஸ் என்பவர் அந்தச் சாலையில் திறந்த ஹோட்டல் ஐரோப்பியருக்கும் சமஸ்தானாதிபதிகளுக்குமே உரியதாகையால், நம் கதையில் அதற்கு இடம் குறைவு. நம்மவர் காசுக்கு எட்டிய நாகரிகம் வேறொரு திசையிலிருந்து வந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் விலை சரிந்து தவித்த காபித் தோட்டக்காரர்களைக் காப்பாற்ற 1935-இல் சட்டம் செய்து ஒரு கமிட்டி ஏற்பட்டது. உள்நாட்டிலேயே காபியைப் பரப்ப அது பம்பாயில் 1936-இல் இந்தியா காபி ஹவுஸைத் தொடங்கியது. 1942 முதல் அப்பொறுப்பு காபி போர்டிடம் வந்தது. சென்னையின் காபி ஹவுஸ் மவுண்ட் ரோட்டில் அமைந்தது. தலைப்பாகையும் இடைக்கச்சையும் அணிந்த பரிசாரகர்கள் டவராவுக்குப் பதில் பீங்கான் கோப்பையில் காபியும், தனியே பாலும் சர்க்கரையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அப்புறம் வந்து தொந்தரவு செய்யாமல் போய்விடுவார்கள். ஹிந்து, மெயில் ஆகிய பத்திரிகைகளின் காரியாலயங்கள் இருந்த அந்தச் சாலையில், ஒரு கோப்பையோடு ஒரு முற்பகலைக் கழிப்பது அப்போதுதான் சாத்தியமாயிற்று. சென்னைக்காரன் காசு கொடுத்து அவகாசம் வாங்கியது இங்கேதான் என்பது என் அபிப்பிராயம். ஐம்பதுகளில் காபி போர்டு இந்த விடுதிகளை மூடத் தலைப்பட்டது. வேலையிழந்த தொழிலாளர்கள் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலனின் முயற்சியால் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து 1957 முதல் பல ஊர்களில் அவற்றைத் தாங்களே நடத்தினார்கள். கேரளத்தில் அம்முயற்சி வேரூன்றித் தழைத்தது, சென்னையில் நிலைக்கவில்லை.

அதற்குள் உடுப்பிக்காரர்களும் மாளிகைகளுக்கு ஏறிவிட்டிருந்தார்கள். கிருஷ்ண ராவ் 1938-இல் ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ராஜாவுக்குரிய உட்லண்ட்ஸ் பங்களாவை எடுத்து அதே பெயரில் ஹோட்டலாக்கினார். கே. சீதாராம ராவ் 1954-இல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் தாசப்பிரகாஷைக் கட்டினார். 1962-இல் கதீட்ரல் சாலையில், தோட்டக்கலைச் சங்கத்து மரங்களின் நிழலில், உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் திறக்கப்பட்டது. கார் ஜன்னலில் மாட்டிய தட்டில் காபி வாங்கிக் குடிப்பது அமெரிக்க நாகரிகமாக அறிமுகமானாலும், நாளடைவில் அவ்விடத்தைத் தங்களுடையதாக்கிக்கொண்டவர்கள் கார் இல்லாதவர்களே. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகளும், கல்லூரிப் பிள்ளைகளும், சினிமாவில் சந்தர்ப்பம் தேடியவர்களும், கல்யாணத்துக்கு முன் ஒரு தரம் பேசிப் பார்க்க விரும்பியவர்களும் அங்கே மணிக்கணக்கில் உட்கார்ந்தார்கள். நிலம் அரசாங்கத்தாருக்குத் திரும்பியபோது, 2008-இல் அது மூடப்பட்டது. அவ்விடத்தில் 2010-இல் செம்மொழிப் பூங்கா திறந்தது. பூங்கா அழகாகவே இருக்கிறது. அதற்காக அந்தக் கடையை இழந்தது நல்ல பேரம் என்று நான் சொல்லமாட்டேன்.

தியாகராய நகரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஜவுளி வாங்கிக் களைத்தவர்கள் நின்று குடித்துவிட்டு மறுபடி ஜவுளி வாங்கப் போகும் இடம் அது. இன்றைய ஒயிலான கபேக்கள் வேறு பக்கம் இருக்கின்றன. ஒயிட்ஸ் ரோடு, காதர் நவாஸ் கான் சாலை, ஆழ்வார்பேட்டை, பெசன்ட் நகர் ஆகிய இடங்களில், சில பழைய பங்களாக்களின் தாழ்வாரங்களிலும் சில புதுக் கண்ணாடி அறைகளிலும், தோட்டத்தின் பெயரையும் வறுத்த பதத்தையும் பலகையில் எழுதிவைத்து, இயந்திரத்தில் பிழிந்த எஸ்பிரஸ்ஸோவையும் நுரை மேல் இலை வரைந்த காப்புச்சினோவையும் தருகிறார்கள். 2014-இல் ஸ்டார்பக்ஸும் சென்னைக்கு வந்தது. ஒரு கோப்பைக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கொடுப்பது அநியாயம் என்று பெரியவர்கள் முணுமுணுக்கிறார்கள். ஆனால் அந்த விலையில் காபி கொஞ்சம். நாற்காலியும் குளிர்காற்றும் மடிக்கணினிக்கு மின்சாரமும் யாரும் எழுந்திரு என்று சொல்லாத மூன்று மணி நேரமும்தான் மிகுதி. தனியாக ஒரு பெண் புத்தகத்தோடு வந்து அமர்ந்தால் ஏனென்று கேட்பாரில்லை என்பதையும் அந்தக் கணக்கில் வரவு வைக்கவேண்டும். இருநூறு ரூபாய் இல்லாதவருக்குப் பலகை மாட்டாமலே கதவு மூடியிருக்கிறது என்பதைச் செலவில் எழுதவேண்டும்.

இந்தச் சரித்திரத்துக்கு ஆதாரமான பொருள்களெல்லாம் பெரும்பாலும் கடைக்காரர் வீட்டுப் பரண்களில் கிடந்து கரையானுக்கு இரையாகின்றன. பழைய கணக்குப் புத்தகங்கள், விலைப்பட்டியல்கள், பெயர்ப்பலகைகள், திறப்புவிழாப் புகைப்படங்கள் முதலியவற்றை வைத்திருக்கும் குடும்பத்தார், அவற்றைக் காகிதக் கடையில் எடைக்குப் போடுமுன், தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைப் போன்ற ஓரிடத்தாரிடம் ஒரு முறை காட்டும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.