தினைப்புனத்துக் கவணும் காற்றுத் துவக்கும்

ஊவா மாகாணத்தின் தென்கோடியில், மாணிக்க கங்கைக் கரையிலுள்ள கதிர்காமத்துக்கு ஆண்டுதோறும் நடந்துபோகும் நம்மவர்க்கு, வள்ளி தினைப்புனம் காத்த கதையை ஒருவர் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பரண்மீது நின்று, கவணிலே கல்லை வைத்துச் சுழற்றிக் கிளிகளை ஓட்டிய அந்தக் குறமகளின் கையில் இருந்ததும் ஓர் ஆயுதந்தான். எனினும் அது விளைச்சலைக் காப்பதற்காக ஏந்திய ஆயுதமேயன்றி, வேட்டை விநோதத்துக்காகவோ பிறரை அடக்கி ஆள்வதற்காகவோ ஏந்தியதன்று. இந்தப் பேதத்தை நான் எண்ணிப் பார்க்கும்படி செய்தவர், அண்மையில் பசறைப் பக்கத்திலிருந்து என்னைக் காண வந்த ஓர் இளைஞர். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவரின் மகனான அவர், வெளிநாட்டிலே சில ஆண்டுகள் உழைத்துத் திரும்பியவர். கைத்தொலைபேசியில் பத்துப் பதினைந்து காற்றுத் துவக்குகளின் படங்களைச் சேர்த்து வைத்திருந்தார். "முதல் முதலா வாங்குறது ஐயா, வாங்கினா நல்லதாத்தான் வாங்கணும், எதை வாங்கலாம்?" என்று கேட்டார். நான் துவக்கு வல்லுநன் அல்லேன். ஊவாவின் பழங்கதைகளைத் தேடிப் படிப்பவன். ஆகவே என் பதில், எந்தக் கம்பனி, என்ன விலை என்பதில் தொடங்காமல், இந்த மலைநாட்டிலே துவக்கு யார் கையில், எதற்காக இருந்தது என்பதிலே தொடங்கிற்று.

ஊவாவில் வெடிமருந்துக்கு முதற்பகை மழை. 1630ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலே, போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா, பதுளையை எரித்துவிட்டுத் திரும்பும் வழியில், வெல்லவாயவுக்கு அண்மையிலுள்ள ரந்தெனிவெலயில் கண்டிச் சேனையாற் சூழப்பட்டான். அவனுடன் வந்த லஸ்கரின் எனப்பட்ட உள்நாட்டு வீரர்கள் எதிர்ப்பக்கம் சேர்ந்துகொண்டது ஒருபுறமிருக்க, கொட்டிய பெருமழையில் மருந்தும் திரியும் நனைந்து துவக்குகள் வாயடைத்துப் போகவே, அவனும் அவனுடைய சேனையும் அந்த வெளியிலேயே அழிந்தொழிந்தனர். துவக்கைப் பறங்கியரிடம் அறிந்துகொண்ட இந்நாட்டுக் கம்மாளரோ, வெகு சீக்கிரத்தில் அதைத் தம்முடைய கலையாகவே ஆக்கிக்கொண்டனர். தீப்பொறி எழுப்பும் விசையை ஐரோப்பிய வழக்கத்துக்கு மாறாக இடப்பக்கத்திலே அமைத்து, தண்டிலே வெள்ளியும் தந்தமும் இழைத்து அவர்கள் செய்த துவக்குகளை நூதனசாலைகளில் இன்றும் காணலாம்.

ஆயினும் ஊவாவின் துவக்குச் சரித்திரத்தில் நெஞ்சைவிட்டு அகலாத சம்பவம், ஒருவர் துவக்கைத் திருப்பிக் கொடுத்த சம்பவமாகும். 1817இல் மூண்ட ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சியை அடக்கும்படி ஆங்கிலேயர் அனுப்பிய கெப்பெட்டிப்பொல திசாவை என்னும் மாகாண அதிகாரி, கிளர்ச்சிக்காரருடன் சேர்வதென்று தீர்மானித்ததும், தமக்குத் தரப்பட்டிருந்த ஆயுதங்களை அவற்றைத் தந்தவர்களுக்கே அனுப்பி வைத்துவிட்டுத்தான் மறுபக்கம் சென்றார் என்பர். 1818 நவம்பர் 26ஆம் நாள் அவர் கண்டியிலே சிரச்சேதம் செய்யப்பட்டார். வாங்கிய காரியத்துக்கு அல்லாமல் வேறு காரியத்துக்கு ஓர் ஆயுதத்தை உபயோகிப்பது தர்மமாகாது என்ற எண்ணம், போர்க்களத்திலும் ஒரு மனிதரிடம் உயிரோடிருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுவதில்லை.

அதற்கு நேர்மாறான மனப்பான்மையைக் காண விரும்புவோர், பதுளை நகரத்தின் நடுவேயுள்ள புனித மாற்கு தேவாலயத்துக்குச் செல்லலாம். 1857இல் திறக்கப்பட்ட அவ்வாலயம், பதுளையில் சேனாதிகாரியாகவும் உதவி அரசாங்க அதிபராகவும் இருந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸின் ஞாபகார்த்தமாக எழுந்தது. அவர் தமது ஆயுளில் கொன்ற யானைகளின் தொகை 1400க்கு மேல் என்று சொல்லப்படுகிறது. யானை வாலுக்கு அரசாங்கம் வெகுமதி கொடுத்த காலம் அது. பயிரைக் காப்பதென்பது அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது என்றாலும், ஆயிரத்தைத் தாண்டிய பின்னும் எண்ணிக்கொண்டே போன கைக்குக் காவலைவிடக் கணக்கே பெரிதாகியிருந்தது என்பதில் ஐயமில்லை. 1845 ஜூன் மாதத்தில் அப்புத்தளையிலே, புயல் ஓய்ந்துவிட்டதென்று எண்ணி விறாந்தைக்கு வந்து நின்ற அவரை இடி வீழ்த்திற்று. அவருடைய சமாதி நுவரெலியாவில் இருக்கிறது. அதன் கல்லையும் பின்னொருகால் இடி பிளந்ததென்று அவ்வூரார் இன்றும் கதை சொல்வர்.

கோப்பி வந்து, 1869இல் தோன்றிய இலைநோயால் அது மாண்டு, தேயிலை அதன் இடத்தைப் பிடித்து, மலைச்சாரல் முழுதும் தோட்டங்களான பிறகு, துவக்கு துரையின் பங்களாவிலே குடியேறியது. மரையை நாய்களை விட்டுத் துரத்துவதும், காட்டுக்கோழி சுடுவதும் துரைமாரின் ஞாயிற்றுக்கிழமை விநோதங்களாயின. 1900இல் அவர்களுக்கென்றே தோட்டத்துரைமார் ரைபிள் படை ஒன்று அமைக்கப்பட்டுத் தென்னாபிரிக்க யுத்தத்துக்கும் போய்வந்தது. அந்த யுத்தத்தில் சிறைபிடிக்கப்பட்ட போவர்கள் ஏறத்தாழ 5000 பேர் தியத்தலாவை முகாமில் அடைக்கப்பட்டதும் அக்காலத்திலேதான். தொழிலாளர் குடியிருந்த லயத்திலே இருந்தவையோ கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, முள்ளு ஆகிய மூன்றே. ஆயுதம் என்ற சொல்லுக்குத் தோட்டத்திலே இரண்டு அர்த்தங்கள் இருந்தன. மேட்டு பங்களாவில் அது கௌரவச் சின்னம், பள்ளத்து லயத்தில் அது பயம். 1940இல் பதுளைக்கு அருகிலுள்ள வெவெஸ்ஸத் தோட்டத்தில் லங்கா சமசமாஜக் கட்சியின் தலைமையில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது, துவக்கேந்தி வந்த பொலிஸாரைத் தொழிலாளர்கள் நிராயுதபாணிகளாக்கினர் என்று இடதுசாரி இயக்கத்தின் சரித்திரம் கூறும்போது, அந்த நிகழ்ச்சி எத்துணைப் பெரியதென்பது லயத்திலே பிறந்தவர்க்கே விளங்கும்.

துவக்கு வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டுமென்று விதிக்கும் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டமாகும். கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்திலே விண்ணப்பித்து, ஆண்டுதோறும் பத்திரத்தைப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியும் செல்வாக்கும் யாருக்கு இருந்தன? 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவனாக்கப்பட்ட தொழிலாளி, வாக்குச்சீட்டுக்கே வழியின்றி நின்றபோது, துவக்குச் சீட்டை எங்கே போய்க் கேட்பான்? 1971 ஏப்ரல் 5ஆம் நாள் விடியுமுன் ஊவாவின் வெல்லவாயப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டதோடு தொடங்கிய கிளர்ச்சியில், வீடுகளில் இருந்த வேட்டைத் துவக்குகளைக் கிளர்ச்சிக்காரர் பறித்துச் செல்லவே, அனுமதி பெற்றவர்க்கும் துவக்கு ஒரு பாரமாயிற்று.

துவக்கு இல்லையென்பதற்காகக் காட்டுப்பன்றி வராமல் இருக்குமா? வெலிமடைப் பக்கத்து உருளைக்கிழங்குப் பாத்தியை முள்ளம்பன்றி கிளறுவதும், லயத்துக்குப் பின்னாலுள்ள மரக்கறித் தோட்டத்தைக் குரங்குக் கூட்டம் பிய்த்தெறிவதும் நின்றபாடில்லை. ஆகவே மிருகம் வரும் பாதையிலே கயிற்றைக் கட்டி, அதன் கால் பட்டதும் தானே வெடிக்கும்படி வைக்கும் கட்டுத்துவக்கும், கம்பிச் சுருக்கும் பெருகின. கட்டுத்துவக்குக்குப் பன்றியும் மனிதனும் ஒன்றே. விறகுக்குப் போனவனின் காலையும் அது துளைக்கும். பன்றிக்கு வைத்த சுருக்கிலே சிறுத்தை மாட்டி, தேயிலைச் செடிகளின் நடுவே இடுப்பு அறுபட்டுச் சாகிறது. காவலாள் இல்லாத ஆயுதத்தைக் காவல் என்று சொல்வது எவ்வாறு?

இப்பின்னணியிலேதான் காற்றுத் துவக்கைப் பார்க்க வேண்டும். மருந்தில்லாமல் சுடும் யோசனை புதியதன்று. 1780ஆம் ஆண்டை ஒட்டி ஒஸ்திரியச் சேனைக்கு ஜிரார்தோனி என்பவர் செய்து கொடுத்த துவக்கின் தண்டே காற்றுக் கலனாக இருந்தது. புகையின்றி, ஒன்றன்பின் ஒன்றாக இருபது குண்டுகளை அது எய்தது. ஆனால் அக்கலனை நிரப்பக் கைப்பம்பை ஏறத்தாழ 1500 தடவை அடிக்க வேண்டியிருந்ததாலும், பழுதுபார்ப்பது கடினமாக இருந்ததாலும், சில பத்தாண்டுகளுக்குள் சேனை அதைக் கைவிட்டது. இளைஞர் காட்டிய, காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்கும் பி.சி.பி. ரைபிள்கள் அதன் வழித்தோன்றல்களே. குழலுக்குக் கீழேயுள்ள உருளையில் 200 முதல் 300 பார் வரை அழுத்தத்தில், அதாவது மோட்டார் கார் டயரில் உள்ளதைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு அழுத்தத்தில், காற்று அடைபட்டிருக்கிறது. விசையை இழுத்ததும் உள்ளேயிருக்கும் சிறு சுத்தியல் வால்வைத் தட்டுகிறது. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அது திறந்து மூட, ஒரு மிடறு காற்று ஈயக்குண்டை உந்திச் செல்கிறது. சுருள்வில் வைத்த பழைய காற்றுத் துவக்கைப்போல இது தோளில் உதைப்பதில்லை. புதியவர் கையிலும் குறி தப்பாமைக்கு இதுவே காரணம்.

இங்கேயும் ரந்தெனிவெலயின் மழை நம்மை விடுவதில்லை. அப்புத்தளை மூடுபனியிலே நின்று பம்பு அடிப்பவர், காற்றோடு ஈரத்தையும் உருளைக்குள் அடைக்கிறார். அந்த ஈரம் உள்ளிருந்து துருவாகிறது. ஆகையால் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் வைத்த பம்பு அவசியம். சுழியோடிகளின் கலன்களை நிரப்பும் கடைகள் கடற்கரையூர்களில் இருக்குமேயன்றி மலைநாட்டில் இராவாதலால், காற்றுக்கு வழிசெய்யாமல் துவக்கை மட்டும் வாங்குபவர், கிணறு வெட்டாமல் வாளி வாங்கியவரே ஆவார். உருளைக்குள் சாதாரண எண்ணெய் ஒரு துளியும் படலாகாது. அந்த அழுத்தத்தில் எண்ணெய் தீப்பற்றி வெடிக்கக்கூடும். கடதாசி இலக்கைச் சுட்டுப் பழக 4.5 மில்லிமீற்றர் குழலே தகும். ஒலிம்பிக் பந்தயத்தில் பத்து மீற்றர் தூரத்துக்கு வழங்குவதும் அதுவே. ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரே அளவு காற்றை விடும் ரெகுலேட்டரும், நல்ல குழலும், கைக்கு அடங்கிய பாரமும் உள்ள துவக்கு, வலிமையை மட்டும் விளம்பரப்படுத்தும் துவக்கைவிட மேலானது.

"பன்றி சுட முடியாதா ஐயா?" என்று இளைஞர் கேட்டார். முடியாது என்றேன். இத்தகைய ஈயக்குண்டு பட்ட பன்றி விழாது. காயத்தோடு ஓடித் தேயிலைக்குள் பதுங்கி, நாட்கணக்கில் வேதனைப்பட்டுச் சாகும், அல்லது மறுநாட் காலையில் கொழுந்து பறிக்க இறங்கும் பெண்கள்மேல் பாயும். ரொஜர்ஸின் வழி அது; வள்ளியின் வழி அன்று. கவண் புனத்தைக் காத்தது, கிளியைத் தீர்த்துக்கட்டவில்லை.

ஆகவே, முதலாவது காற்றுத் துவக்கை வாங்க எண்ணும் மலைநாட்டு அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே: கடைக்குப் போகுமுன் மாவட்டச் செயலகத்துக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் போய், இறக்குமதிக்கும் வைத்திருப்பதற்கும் வேண்டிய அனுமதி யாதென்று எழுத்திலே கேட்டறியுங்கள், எந்த மிருகத்தின்மீதும் குறிவைக்குமுன் வனஜீவராசிகள் திணைக்களத்தைக் கேளுங்கள், துவக்குக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கைப் பம்புக்கும், பூட்டுள்ள அலுமாரிக்கும் வையுங்கள். இளைஞர் படங்களை மூடிவிட்டு, முதலில் கச்சேரிக்குப் போய் வருகிறேன் என்று சொல்லி எழுந்தார்.