போடியார் வாடியிலிருந்து பாராளுமன்றம் வரை

எங்கள் மூத்தவாப்பா திருக்கோவிலுக்கு மேற்கே, சாகாமத்துப் பக்கம் வயல் செய்தவர். கிராமச் சபைக்கு ஒருமுறை கேட்டுத் தோற்றார். "வாடிக்குள்ள சோறு திண்டவன் எல்லாம் நம்மட ஆள்தான். பொட்டிக்குள்ள ஆருக்குப் போட்டானோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்" என்று சிரிப்பாராம். உம்மா சொல்லித்தான் கேட்டிருக்கிறேன்.

அந்தச் சிரிப்புக்குள் நமது பிரதேசத்தின் அரசியல் வரலாறே இருக்கிறது. போடியாரிடம் காணி இருந்தது, வட்டைவிதானையிடம் தண்ணீர் இருந்தது, வன்னியனாரிடம் அதிகாரம் இருந்தது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது முல்லைக்காரனுக்கும் போடியாருக்கும் ஒரே ஒரு வாக்குத்தான். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் தண்ணீரை அரசாங்கத் திணைக்களத்தின் கைக்கு மாற்றியது. பிலிப் குணவர்த்தனவின் 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் வட்டைவிதானையின் வேலையைப் பயிர்ச்செய்கைக் குழுக்களிடம் கொடுத்தது. இனி வாய்க்கால் திறக்கவும் ஒரு 'மெம்பர்' வேண்டும் என்றாயிற்று. புதிய போடியார் அவர்தான்.

இந்த மாற்றத்தின் பெரிய உருவம் கேட் முதலியார் எம். எஸ். காரியப்பர். 1956இல் அவர் கல்முனையிலும் எம். எம். முஸ்தபா பொத்துவிலிலும் தமிழரசுக் கட்சியில் வென்றார்கள். திருக்கோவில் தமிழரும் அக்கரைப்பற்று முஸ்லிம்களும் ஒரே சின்னத்துக்கு வாக்களித்த காலம் அது. பின்னர் இருவரும் அரசாங்கப் பக்கம் சென்றனர். முஸ்தபா தஹநாயக்காவின் ஆட்சியில் நிதியமைச்சரானார். காரியப்பர் மீது விசாரணை ஆணைக்குழு இலஞ்சக் குற்றம் கண்டது. 1965இன் விசேட சட்டம் அவரது குடியியல் உரிமையைப் பறித்தது. அவர் லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போயும் வெல்லவில்லை. 1968இல் கல்முனையில் இடைத்தேர்தல் நடந்தது.

நம்மவர்கள் இதை எழுதும்போது ஒன்று புகழ்மாலை, இல்லாவிட்டால் மௌனம். இரண்டும் வரலாறு ஆகாது. அவர் செய்ததையும் விழுந்ததையும் சேர்த்தே எழுத வேண்டும். 1956இல் சேர்ந்து நின்ற அயலவர்கள் பிறகு ஏன் பிரிந்தார்கள் என்பதற்கான விடையின் ஒரு பகுதியும் அங்கேதான் கிடக்கிறது.

யுத்த காலத்தில் எங்கள் குடும்பம் அந்த வயலுக்குப் போக முடியாமற் போனது. மூத்தவாப்பாவின் வரம்புக்கு அடுத்த வரம்பு ஒரு தம்பிலுவில் தமிழருடையது. தோற்ற அந்தத் தேர்தலில் தனக்கு நிச்சயமாக விழுந்தது அவருடைய வாக்கு மட்டும்தான் என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம். கிராமச் சபைகளும் இல்லாமற் போய்விட்டன. வீட்டுப் பெட்டகங்களில் பழைய குழுக் குறிப்புகளோ, தண்ணீர்ப் பங்கீட்டுக் கொப்பிகளோ வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கறையானுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.