குடும்ப வன்முறைச் சூழலில் குழந்தைகளின் பாதுகாப்பு

குடும்ப வன்முறைச் சூழலில் குழந்தைகளின் பாதுகாப்பு என்பது, வீட்டில் உள்ள ஒருவர் மற்றொருவரை அடித்தோ, மிரட்டியோ, இழிவுபடுத்தியோ துன்புறுத்தும் நிலையில், அவ்வீட்டில் வளரும் குழந்தைகளுக்கு உடலாலும் மனத்தாலும் தீங்கு நேராமல் காக்கும் ஏற்பாடுகளைக் குறிக்கும். சண்டையை நிறுத்துவது குழந்தையின் கடமை அன்று. விலகி நிற்பதும் நம்பத்தக்க ஒருவரிடம் சொல்வதுமே குழந்தை செய்யக்கூடியவை என்பது இவ்வேற்பாடுகளின் அடிப்படை. மீதியைச் செய்ய வேண்டியவர்கள் பெரியவர்களும் அரசும் ஆவர்.

பின்னணி

2019–21 காலப்பகுதியில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு உள்ளானவர்கள். தமிழ்நாட்டில் இது ஏறத்தாழ 38 விழுக்காடு. இவ்வீடுகள் பலவற்றில் குழந்தைகளும் இருக்கின்றனர்.

அடி வாங்காத குழந்தையும் பாதிக்கப்படுகிறது. உறக்கமின்மை, படுக்கையில் சிறுநீர் கழித்தல், பேச்சுக் குறைதல், படிப்பில் கவனம் சிதறுதல், மற்ற குழந்தைகளை அடித்தல் முதலியன இதன் அறிகுறிகளாகத் தென்படலாம். தன்னால்தான் சண்டை வந்தது என்று குழந்தை எண்ணிக்கொள்வதும் உண்டு. இங்கிலாந்தில் 2021 இல் இயற்றப்பட்ட குடும்ப வன்முறைச் சட்டம், வன்முறையைப் பார்க்கும் அல்லது கேட்கும் குழந்தையையும் பாதிக்கப்பட்டவராகவே கருதுகிறது.

வடசென்னைச் சூழல்

யானைக்கவுனி, இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் போன்ற பகுதிகளில் நெருக்கமான தெருக்களும் ஒண்டிக் குடித்தனங்களும் மிகுதி. "வேறு அறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொள்" என்ற அறிவுரை ஓரறை வீட்டில் பயன்படாது. இங்கே பாதுகாப்பான இடம் என்பது பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே, அண்டை வீட்டிலோ தெருமுனைக் கடையிலோதான் அமையும். சுவருக்கு அப்பால் கேட்கும் குரலை அண்டை வீட்டார் அறிந்திருப்பது இத்தகைய குடியிருப்புகளின் வலிமையும் ஆகும். "அது அவர்கள் குடும்ப விவகாரம்" என்று அவர்கள் ஒதுங்கும்போது அவ்வலிமை வீணாகிறது.

பாதுகாப்புத் திட்டம்

தாயோ நம்பிக்கைக்குரிய வேறு பெரியவரோ, அமைதியான நேரத்தில், குழந்தையின் வயதுக்கு ஏற்பச் சொல்லித்தர வேண்டியவை:

* சண்டையின் இடையே புகக்கூடாது. அடிப்பவரின் கையைப் பிடிக்க முயலும் குழந்தைக்கே காயம் படக்கூடும்.
* கத்தியும் அடுப்பும் உள்ள சமையலறைக்குள் ஓடக்கூடாது. வெளியேறும் வழி எது, எந்த வீட்டுக்குச் செல்வது என்பதை முன்பே முடிவு செய்து நடந்து பார்க்க வேண்டும். அவ்வீட்டாரிடமும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.
* தாய் ஒரு குறிப்புச் சொல்லைச் சொன்னால் உடனே வெளியேற வேண்டும். அச்சொல் அன்றாடப் பேச்சில் வராததாக இருத்தல் நல்லது.
* தம்பி தங்கையர் அருகில் இருந்தால் உடன் அழைத்துச் செல்லலாம். அவர்களைத் தேடி ஆபத்துக்குள் திரும்பக்கூடாது.
* 112, 1098 ஆகிய எண்களை மனப்பாடம் செய்ய வேண்டும். வெளியே வந்த பிறகே அழைக்க வேண்டும். பெயர், தெரு, வீட்டு எண், அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளி, என்ன நடக்கிறது என்பதைச் சொல்லப் பழக்க வேண்டும்.

மிகச் சிறு குழந்தைகளிடம் முழுத் திட்டத்தையும் சொல்வது தகாது. அவர்கள் அறியாமல் அடிப்பவரிடமே சொல்லிவிடக்கூடும். பெற்றோரிடையே செய்தி கொண்டு செல்லும் பணியையும், "இதை யாரிடமும் சொல்லாதே" என்னும் சுமையையும் எக்குழந்தை மீதும் ஏற்றக்கூடாது.

வீட்டை விட்டுப் பிரியும் வேளையும் அதற்குப் பிந்தைய நாட்களும் வன்முறை முற்றக்கூடிய காலம் ஆகும். எனவே பிறப்புச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை, தடுப்பூசி அட்டை ஆகியவற்றின் படிகளை நம்பத்தக்க ஒருவரிடம் முன்பே கொடுத்து வைப்பது பயன்தரும்.

சட்டப் பாதுகாப்பு

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005 இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. இதில் குழந்தை என்பது 18 வயது நிறையாதவரைக் குறிக்கும். தத்துக் குழந்தையும், மாற்றாந்தாய் அல்லது மாற்றுத்தந்தையின் பொறுப்பில் வளரும் குழந்தையும் இதில் அடங்குவர். இச்சட்டத்தின் முக்கியக் கூறுகள்:

* பிரிவு 4: வன்முறை நடப்பதாக நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவர் மீது வழக்குப் பொறுப்பு எதுவும் சாராது.
* பிரிவு 12: மனுவின் முதல் விசாரணை வழக்கமாக மூன்று நாட்களுக்குள் நடைபெற வேண்டும்.
* பிரிவு 18: எதிர்மனுதாரர் குழந்தையின் பள்ளிக்குள் நுழைவதற்கு நடுவர் தடை விதிக்கலாம்.
* பிரிவு 19: பொதுவாக வாழ்ந்த வீட்டிலிருந்து பாதிக்கப்பட்டவரை வெளியேற்றாமல் தடுக்கலாம்.
* பிரிவு 21: குழந்தையைத் தற்காலிகமாகத் தாயின் பொறுப்பில் ஒப்படைக்கலாம். எதிர்மனுதாரரின் சந்திப்பு குழந்தைக்குத் தீங்காகும் எனக் கருதினால் நடுவர் அதை மறுக்கலாம்.
* பிரிவு 31: பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

2006 ஆம் ஆண்டு விதிகளின் ஐந்தாம் படிவம் பாதுகாப்புத் திட்டத்துக்கு உரியது. பாதிக்கப்பட்டவரைக் கலந்து அதனைத் தயாரிப்பது பாதுகாப்பு அலுவலரின் கடமை.

குழந்தை நேரடியாகத் துன்புறுத்தப்பட்டால் 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பொருந்தும். காவல்துறை, அரசு ஊழியர் முதலியோர் அக்குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். குழந்தை தானே குழுவை நாடவும் வழியுண்டு. அக்குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடுவதை இச்சட்டத்தின் பிரிவு 74 தடை செய்கிறது.

பள்ளியின் பங்கு

தாய்வீட்டுக்கோ காப்பகத்துக்கோ செல்லும் குழந்தையின் படிப்பு நின்றுவிடும் என்ற அச்சமே பல தாய்மாரைத் தயங்க வைக்கிறது. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கக் கல்வி பயிலும் குழந்தை வேறொரு அரசுப் பள்ளிக்கோ அரசு உதவிபெறும் பள்ளிக்கோ மாறும் உரிமையைத் தருகிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது. வயதுச் சான்று இல்லை என்பதும் மறுக்கக் காரணம் ஆகாது.

குழந்தையை யார் அழைத்துச் செல்லலாம் என்பதைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் தருவதும், நீதிமன்ற ஆணை இருப்பின் அதன் படியை ஒப்படைப்பதும் நன்று. ஒரு மாணவர் தன் வீட்டு நிலையைக் கூறும்போது ஆசிரியரோ நண்பரோ குறுக்கிடாமல் கேட்டு, "இது உன் தவறு அன்று" என்று சொல்லி, உதவி கிடைக்கும் இடத்துக்கு உடன் செல்வது போதுமானது. துன்புறுத்துபவரிடம் நேரில் சென்று கேட்பது குழந்தைக்கு மேலும் ஆபத்தைத் தரலாம்.

உதவி அமைப்புகள்

குழந்தைகளுக்கான 1098 சேவை 1996 இல் மும்பையில் தொடங்கப்பட்டது. 2023 இல் இது அரசின் நேரடிப் பொறுப்புக்கு மாற்றப்பட்டு, 112 அவசர உதவி அமைப்புடன் இணைக்கப்படத் தொடங்கியது. பெண்களுக்கான உதவி எண் 181 ஆகும்.

தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992 இல் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. வடசென்னையில் இராயபுரம், வண்ணாரப்பேட்டை ஆகிய இடங்களிலும் இத்தகைய நிலையங்கள் உள்ளன. காயமடைந்தோர் இசுடான்லி அரசு மருத்துவமனையை நாடலாம். குடும்ப வன்முறையால் பாதிக்கப்பட்டவருக்கு மருத்துவ உதவி அளிப்பது மருத்துவ நிலையத்தின் கடமை எனச் சட்டத்தின் பிரிவு 7 கூறுகிறது. பாதுகாப்பு அலுவலரை மாவட்டச் சமூகநல அலுவலகம் வழியாக அணுகலாம்.