குழந்தைக்கு இட்ட பூட்டும் முதியோர் கையும்

மருந்துப் போத்தலின் மூடி நெடுங்காலமாக எவருடைய சிந்தனைக்கும் உரிய பொருளாக இருந்ததில்லை. முன்னாளில் தக்கையால் அடைத்தனர். பின்னர் திருகுமூடி வந்தது. எளிதில் திறக்கப்படுவதே நல்ல மூடிக்கு இலக்கணமென்று யாவரும் கொண்டிருந்தனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவ்விலக்கணம் தலைகீழாயிற்று. அதற்குக் காரணமானோர் குழந்தைகளே.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் வட அமெரிக்க இல்லங்களில் மருந்துகள் பெருகின. சிறுவர்க்கென்றே தோடம்பழச் சுவையூட்டிய அஸ்பிரின் குளிசைகளும் விற்பனைக்கு வந்தன. கசக்காத மருந்து தாய்மாருக்குப் பெரும் வசதிதான். ஆயினும், இனிப்புக்கும் மருந்துக்கும் வேறுபாடறியாத பிள்ளை போத்தலைத் தானே திறந்து உண்ணத் தலைப்பட்டது. நஞ்சுண்டோர் பற்றி வைத்தியர்களுக்குத் தகவல் அளிக்கும் நிலையமொன்று 1953 ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் அமைந்தது. பிற நகரங்களும் அவ்வழியைப் பின்பற்றின.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வின்சர் என்னும் நகரில் இத்தகைய நிலையமொன்றை நடத்திவந்தவர் ஹென்றி புரோ என்ற குழந்தை வைத்தியர். மருந்தை உண்டுவிட்ட பிள்ளைகளுக்குச் சிகிச்சை செய்து சலித்த அவர், பிள்ளையால் திறக்கவியலாத மூடியே வேண்டுமென்று உற்பத்தியாளரை நாடினார். பீற்றர் ஹெட்ஜ்விக் என்பவரின் துணையுடன் 1967 ஆம் ஆண்டில் உருவான மூடியை உள்ளங்கையால் கீழே அழுத்திக்கொண்டே திருப்புதல் வேண்டும். வெறுமனே திருப்பினால் அது திறவாது. இரண்டு செயல்களை ஒருங்கே செய்வது சிறு பிள்ளைக்குக் கைவராத வித்தை. அம்மூடி வழக்கத்துக்கு வந்தபின் வின்சர்ப் பகுதியில் பிள்ளைகள் மருந்துண்டு நஞ்சேறும் நிகழ்ச்சிகள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்தன எனப் பதிவாகியுள்ளது.

ஐக்கிய அமெரிக்கா 1970 டிசெம்பரில் இதனைச் சட்டமாக்கியது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் திறத்தல் கடினமாகவும், இயல்பான வளர்ந்தோருக்குக் கடினமற்றதாகவும் மூடி இருத்தல் வேண்டுமென்பது அதன் சாரம். 1972 இல் அஸ்பிரின் அச்சட்டத்தின் கீழ் வந்தது. மூடியைச் சோதித்த முறை சுவையானது. மூன்றரை வயது முதல் நான்கேகால் வயது வரையான 200 பிள்ளைகளை இருவர் இருவராக இருத்திப் போத்தலைக் கொடுப்பர். ஐந்து நிமிடம் கழிந்தபின் திறக்கும் விதத்தைச் செய்துகாட்டி, பல்லையும் பயன்படுத்தலாமென்று கூறி, மேலும் ஐந்து நிமிடம் விடுவர். பிள்ளைகளின் பல்லைச் சட்டம் மறவாதிருந்தது பாராட்டுக்குரியது.

மறந்தது வேறொன்றை. வளர்ந்தோர்க்கான சோதனைக்கு அழைக்கப்பட்ட 100 பேரும் 18 முதல் 45 வரை வயதுடையோர். மருந்தை மிகுதியாக உட்கொள்வோர் அவ்வயதினரா? மூட்டுவாதத்தால் விரற்கணுக்கள் வீங்கிய முதியவர் ஒருவருக்கு, அழுத்துதலும் திருப்புதலும் தனித்தனியே நோவு தருவன. ஒருங்கே செய்தல் இருமடங்கு நோவு. அந்நோவைத் தணிக்க அவர் நாடிய அஸ்பிரினோ பூட்டிய போத்தலுக்குள் இருந்தது.

சட்டத்தில் விலக்கு இல்லாமலில்லை. நோயாளியோ வைத்தியரோ கேட்டால் மருந்தாளர் சாதாரண மூடியிட்டுக் கொடுக்கலாம். ஆனால் பலர் கேட்கவில்லை. ஒருமுறை அரும்பாடுபட்டுத் திறந்த போத்தலை மூடாமலே வைத்தனர். அல்லது குளிசைகளை வேறு பாத்திரத்தில் கொட்டிவைத்தனர். பேரப்பிள்ளை வந்தபோது அம்மருந்துக்குக் காவலே இருக்கவில்லை. முதியோரை மறந்த மூடி பிள்ளையையும் காக்கத் தவறியது.

இவ்வுண்மை சட்டத்தில் ஏற இருபத்தைந்து ஆண்டுகள் சென்றன. 1995 இல் விதி திருத்தப்பட்டு, வளர்ந்தோர் குழு 50 முதல் 70 வயது வரையானோர் குழுவாயிற்று. அவருள் பாதிப்பேர் அறுபதைக் கடந்தோராதல் வேண்டும். முதலில் ஐந்து நிமிடத்திலும், மறுமுறை ஒரு நிமிடத்திலும் திறந்து மூட நூற்றுக்குத் தொண்ணூறு பேரால் முடிதல் வேண்டும். இதனால் மூடி வகுப்போர் புதிய கணக்கொன்றைப் போட நேர்ந்தது. பிள்ளைக்கும் வலிமை குறைவு, முதியவருக்கும் வலிமை குறைவு. ஆதலின் வலிமையைக் கேட்கும் பூட்டு இருவரையும் ஒருங்கே தடுக்கும். முதியவரிடம் இருந்து பிள்ளையிடம் இல்லாதது அறிவு ஒன்றே. சில மூடிகளில் அம்புக்குறி இரண்டை நேர்படுத்திப் பெருவிரலால் உந்தினால் போதும். அதற்குக் கண்பார்வை வேண்டுமென்பது வேறு சங்கடம். வேறு சிலவற்றில் ஓரத்து நாக்கொன்றை அழுத்திக்கொண்டு திருப்புதல் வேண்டும். கவிழ்த்துப் பூட்டினால் சாதாரணத் திருகுமூடியாகும் மூடியும் உண்டு; பிள்ளைகளற்ற வீட்டுக்கு அது ஏற்றது.

எனினும், சோதனைக்கு இடையூறாகும் நோயோ ஊனமோ உடையோர் புதிய விதியிலும் அக்குழுவில் சேர்க்கப்படுவதில்லை. கடுமையான மூட்டுவாதம் உடையவரின் கை இன்னும் எந்த மூடிக்கும் அளவுகோலாகவில்லை. மருந்துக்கடையில் சாதாரண மூடியைக் கேட்டு வாங்கும் உரிமை மட்டும் 1970 இல் இருந்தவாறே அவருக்கு உண்டு. வாங்கிய போத்தலைப் பேரப்பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வைக்கும் பொறுப்பும் அவருடையதே.